நிழலுக்குக் கூப்பிடாத பகல்

எங்கள் அண்ணை தீவுப்பகுதியில், வெயிலும் உப்புக்காற்றும் மட்டும் தாராளமாகக் கிடைத்த வீட்டில், ஐவரில் மூத்தவராகப் பிறந்தார். அப்பாவைக் கடல் கொண்டுபோனதும் தன் படிப்பை நிறுத்தி எங்களைப் படிக்க வைத்தார். பின்பு லண்டன், இறைச்சிக் களஞ்சியத்தின் குளிர் அறையில் முப்பது வருட ஷிப்ட். தடித்த ஜக்கெற், விறைத்த விரல்கள், கிங்ஸ்பரி வீட்டுக்கு யார் வந்தாலும் தன் கையாலேயே தேத்தண்ணீர். இன்னும் சொல்லலாம். களைப்பாக இருக்கிறது.

"அண்ணை சொல்வழி கேட்கவில்லை" என்றே ஒரு வருடமாக எல்லோரிடமும் சொல்லி வந்தேன். அது பாதி உண்மை. மீதி இது.

சென்ற ஆண்டு ஊர்க் கோயில் தேருக்கு நானும் அவரும் போனோம். முழங்கால் வருத்தத்தால் அண்ணி வரவில்லை. "மத்தியான வெயிலிலை நிக்க விடாதேயும், மச்சாள். பிரஷருக்குக் குளிசை எடுக்கிற மனிசன், தண்ணி குடிக்க வையும்" என்று என்னிடம்தான் ஒப்படைத்தார்.

தேரன்று அண்ணை விரதம், தண்ணீரும் இல்லை. மேலாடையின்றி, வெறுங்காலுடன், சுடுமணலில் வடம் பிடிக்க நின்றார். குடையும் தண்ணீர்ப் போத்தலுமாகக் கிட்டப் போனேன்.

"அண்ணை, ரெண்டு மிடறு குடிச்சிட்டு நிழலுக்கு வாங்கோ."

"போடி விசரி. இந்த வெயிலிலை வளந்தவன் நான். அதுக்கு என்னைத் தெரியும்."

பக்கத்தில் நின்ற சித்தியின் மகள் விடவில்லை. "என்னக்கா, லண்டன் ஆக்கள் வெயிலுக்கு உருகிப்போடுவியளோ?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வெட்கத்தில் நானும் சிரித்தேன். குடையை மடக்கினேன். மறுபடி அவரைக் கூப்பிடவில்லை.

தேர் தெற்கு வீதிக்குத் திரும்பியபோது அவருக்கு வியர்ப்பது நின்றிருந்தது. உடம்பு நெருப்பு. என்னைப் பார்த்து, "ஜக்கெற்றை எடு பிள்ளை, ஷிப்டுக்கு நேரமாச்சு" என்றார். அப்படியே சரிந்தார். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் கண்மூடினார்.

சேலைத் தலைப்பை நனைத்து அவரைத் துடைத்த, பெயர் தெரியாத அந்த அம்மாவுக்கும், தேர்ச் சனத்தை விலக்கி விலக்கி ஓட்டிய ஆட்டோக்காரருக்கும், வைத்தியருக்கும் தாதியருக்கும், லண்டனில் அடுப்பு மூட்ட மனமில்லாதிருந்த எங்களுக்குச் சோறு கொண்டுவந்த அயலவருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது.

ஆண்டு நினைவு மலருக்கு எழுதிய இதை, அச்சுக்குக் கொடுக்குமுன் அண்ணிக்கு வாசித்தேன். நெடுநேரம் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நான் குடையை மடக்கின பகுதியை வெட்டட்டோ, அண்ணி?"

"வெட்டாதேயும். ஓகஸ்ட்டிலை சனம் தேர் பாக்க ஊருக்கு வெளிக்கிடும். அதுக்கு முன்னம் எல்லாருக்கும் குடுத்துவிடும்."