அருள்முருகன் ராஜாவுக்குக் கட்டிய பிராது

மனு எழுதுவதில் அருள்முருகனுக்கு இருந்த நம்பிக்கை எனக்கு வேதத்தில்கூட இருந்ததில்லை. விருத்தாசலம் பக்கத்துக்காரன். பீங்கான் தொழிற்சாலையில் சூளை வேலை பார்த்தவன். படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றாலும் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். ஊரில் யாருக்கு என்ன குறை என்றாலும் அவனைத் தேடி வருவார்களாம். அனுப்புநர், பெறுநர், பொருள் என்று முறைப்படி எழுதி, திங்கட்கிழமை மனுநீதி நாளில் கலெக்டர் ஆபீஸ் வரிசையில் அவனே போய் நிற்பானாம். பாதி நடக்கும், பாதி நடக்காது. நடக்காததை எடுத்துக்கொண்டு கொளஞ்சியப்பரிடம் போய்விடுவான்.

அந்தக் கோயிலைப் பற்றி அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் குளச்சல்காரன், பெயர் பர்னபாஸ், எங்களுக்கு அந்த வழக்கம் கிடையாது. அங்கே சாமிக்கே பிராது எழுதிக் கொடுக்கலாம். கொடுப்பவர் யார், யார்மேல் கொடுக்கிறார், பார்த்தவர்கள் யார், ஊர், விலாசம், எல்லாம் பிசகில்லாமல் இருக்க வேண்டும். எழுதியதைச் சாமி பாதத்தில் வைத்தெடுத்து, சுருட்டி நூல் சுற்றி, முனியப்பர் முன்னால் நட்டிருக்கும் வேலில் கட்டுவார்கள். சாமி விசாரணைக்குப் போய்வரத் தூரத்தைக் கணக்குப் பார்த்துப் படிப்பணமும் கட்ட வேண்டுமாம். "சாமிக்கு டிஏ-வாடே?" என்று கேட்டுச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. சாமிக்கும் அதிகார எல்லை உண்டு, கடல் தாண்டி விசாரிக்க வராது என்றான்.

குவைத்துக்கு வந்து பதினொரு வருடம். முதலில் அப்பாசியாவில் ஒரு பிளாட்டில் பன்னிரண்டு பேரோடு கிடந்தான். பிறகு ஆள் சப்ளை செய்யும் ஒரு கம்பெனி அவனை எங்களோடு ஒரு தீவுக்கு அனுப்பியது. கரையிலிருந்து ஒரு மணி நேரத்துக்குமேல் ஃபெர்ரியில் போக வேண்டும். சண்டைக்காலத்தில் காலிசெய்த வீடுகள் குண்டடிபட்ட சுவர்களோடு இன்னும் அப்படியே நிற்கும். குளிர்காலம்தோறும் வெளிநாட்டு ஆராய்ச்சிக்காரர்கள் வந்து பழைய கிரேக்கக் கோட்டை ஒன்றைத் தோண்டுவார்கள். மண் அள்ளுவது எங்கள் ஆட்கள். நான் ஜெனரேட்டர் மெக்கானிக். கொஞ்சம் இங்கிலீஷ் வரும் என்பதால் மொழிபெயர்ப்பும் என் தலையில் விழுந்தது.

அந்த வருடம் அவர்கள் வருவதற்கு முன்னால், அக்டோபரில், கேம்புக்குக் கக்கூஸ் தொட்டிக் குழி வெட்டினார்கள். இரண்டு ஆள் ஆழம், வெறும் மணல். பக்கத்துக்குப் பலகை அடிக்காமல் இறங்கக் கூடாது என்று அருள்முருகன் மூன்று நாளாகச் சூப்பர்வைசர் சேதுமாதவனிடம் சொல்லிக்கொண்டே இருந்தான். பலகை அடுத்த ஃபெர்ரியில் வரும், வேலை நிற்கக் கூடாது என்பது பதில். மூன்றாம் நாள் காலையில் கமுதிக்காரர் கார்மேகம் அடியில் நிற்கும்போது பக்கச்சுவர் அப்படியே சரிந்தது. அருள்முருகன், சுரேஷ்குமார், முகம்மது சித்தீக் மூன்று பேரும் கையாலேயே தோண்டினார்கள். வெளியே எடுத்தபோது வாய் நிறைய மண்.

கம்பெனி எழுதிக் கொடுத்தது வேறு. அறையில் படுத்திருந்தவருக்கு நெஞ்சுவலி, மூச்சு நின்றுவிட்டது என்று. கூட இருந்த மூவரும் குழியில்தான் செத்தார் என்று போலீசில் சொன்னார்கள்; சொன்னது யார் என்று கம்பெனிக்குத் தெரியாது. கம்பெனி ஒன்று சொல்ல, சாட்சி ஒன்று சொல்ல, ஃபைல் மூடவில்லை. ஃபைல் மூடாமல் பிணம் வெளியே வராது. கார்மேகம் நகரத்துப் பிணவறையில் குளிரில் கிடந்தார். அவர் மனைவி ராக்கம்மா தினமும் அருள்முருகனுக்குப் போன் செய்து, "தம்பி, அவுக எப்பத்தான் வருவாக?" என்று ஒரே கேள்வியைக் கேட்பார். அனுப்ப வேண்டிய இடத்துக்கெல்லாம் அவன் மனு அனுப்பினான். எது எந்த மேசையில் கிடந்ததோ, பதில் வரவில்லை.

நவம்பரில் ஆராய்ச்சிக்காரர்கள் வந்தார்கள். தலைமை ஒரு கிரேக்க நாட்டு மேடம், அறுபது வயதிருக்கும், தங்கமான மனுஷி. கார்மேகம் நெஞ்சுவலியில் போனார் என்று அவரிடமும் சொல்லியிருந்தார்கள். அதை மறுத்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. ஒருநாள் டீ நேரத்தில், கோட்டைக்குள் புதிதாகத் தெரிந்த ஒரு கல் பீடத்தைக் காட்டி அவர் விளக்கினார், நான் தமிழில் சொன்னேன். இந்தப் பீடம் சாமிக்கு இல்லையாம், ராஜாவுக்காம். அதுவும் உயிரோடு இருக்கும்போதே. அவன் எங்கோ மாதக்கணக்கான தூரத்தில் இருந்தான், இந்தத் தீவுக்காரர்கள் அவன் முகத்தைக் காசில்தான் பார்த்தார்கள். குறை இருந்தால் எழுதி அனுப்புவார்கள். அவனிடமிருந்து கடிதம் வந்தால் கல்லில் வெட்டி வைப்பார்கள். கேட்டது கிடைத்தவர்கள் அவனை இரட்சகர் என்று கூப்பிட்டு, ஆடு வெட்டிப் பூசை போட்டார்கள். அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு நாக்கு கூசியது. எங்கள் கோவிலில் இரட்சகர் என்றால் ஒருவர்தான்.

"ராஜாவ ஏன் கும்புட்டாங்களாம்?" என்று அருள்முருகன் கேட்டான்.

சாமி பதில் போடாது, ராஜா போடுவான், அதனால்தான் என்றார் மேடம்.

"மனு குடுத்தா எத்தினி நாள்ல பதில் வருமாம்?"

கேட்டுச் சொன்னேன். ஆறு மாதம், சிலசமயம் ஒரு வருடம்.

"பரவால்லியே" என்றான் அவன், நிஜமாகவே யோசனையோடு.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "எடே அருளு, ஒனக்க கொளஞ்சியப்பருக்கு இங்க எல்லை கெடையாதுல்லா? இந்த ராஜாவுக்கு ஒண்ணு எழுதிப் போடு மக்கா" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நாற்பது நாளாகப் பிணத்துக்காக அலைகிறவனிடம் பேசுகிற பேச்சா அது? இன்றைக்கும் அந்தச் சிரிப்பு என் நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது.

அவன் எழுதிவிட்டான். தோண்டும் இடத்தில் அளவுக் கயிறு கட்ட இரும்பு முளைகள் அடித்திருப்பார்கள். பீடத்துக்கு நேர் முன்னால் இருந்த முளையில், காகிதத்தைச் சுருட்டி அந்தக் கயிற்றிலேயே ஒரு துண்டு எடுத்துக் கட்டிவைத்தான்.

மறுநாள் காலையில் மேடம் கண்ணில்தான் முதலில் பட்டது. அவருக்கு ஒரே நெகிழ்ச்சி. இரண்டாயிரத்து இருநூறு வருடம் கழித்து இந்தப் பீடத்துக்கு ஒருவர் விண்ணப்பம் வைத்திருக்கிறார் என்று படம் எடுத்தார். கிண்டல் இல்லை, கண் கலங்கியிருந்தது. அதற்குள் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு, பக்கத்தில் நின்ற சேதுமாதவன் கையில் கொடுத்தார். நல்லவர்கள் செய்யும் கெடுதலுக்கு யாரிடம் போய்ப் பிராது கொடுப்பது?

சேதுமாதவன் மலையாளி, தமிழ் பேசினால் புரியும், படிக்க வராது. என்னை ஆபீஸ் கேபினுக்குக் கூப்பிட்டான். "பர்னபாஸே, இது ஒண்ணு வாயிச்சே."

படித்தேன். பெறுநர், மாட்சிமை தங்கிய ராஜா அவர்கள், கோட்டை, தீவு. பொருள், கார்மேகம் பிரேதத்தை ஊருக்கு அனுப்புதல், அவர் குழியில் இறந்த உண்மையைக் காகிதத்தில் எழுதுதல் தொடர்பாக. ஐயா, எங்கள் சாமிக்கு இங்கே எல்லை இல்லாததால் தங்களிடம் வருகிறேன். பலகை கேட்டும் தராதவர் பெயர் சேதுமாதவன்.

அந்தப் பெயர்வரை வாய்விட்டுப் படித்துவிட்டேன். கீழே சாட்சிகள் என்று எழுதி, சுரேஷ்குமார், முகம்மது சித்தீக் என்று இரண்டு பெயர். அதற்குமேல் படிக்காமல், "அவ்வளவுதான் சார், மீதி கும்பிடு" என்றேன். ஆனால் அருள்முருகன் முறை தெரிந்தவன் ஆயிற்றே. விலாசம் பிசகினால் விசாரிக்க வருகிறவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் சிவில் ஐடி எண்ணைப் பன்னிரண்டு இலக்கமும் தப்பாமல் எழுதியிருந்தான். எண்ணைப் படிக்கத் தமிழ் எதற்கு? சேதுமாதவன் விரல் வைத்து ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டான். அதில் என் எண் இல்லை என்று கண்டதும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அதற்காக என்னை நானே காறித் துப்பிக்கொள்ள வேண்டும்.

அவனும் பயந்துதான் இருந்தான், அதையும் சொல்ல வேண்டும். பெயர் மேலே போனால் அவன் வேலை போய்விடும். பயந்தவன் கையில் அதிகாரம் இருந்தால் என்ன செய்வானோ அதைத்தான் செய்தான். அன்று மதிய ஃபெர்ரியிலேயே சுரேஷ்குமாரைப் பையோடு ஏற்றி, இரண்டு நாளில் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். சித்தீக்கைப் பாலைவனத்து எல்லையோரம் வேறொரு கேம்புக்கு மாற்றினார்கள். பிறகு அருள்முருகனைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார்கள். அறையில் படுத்திருந்தபோது இறந்தார், நான் பக்கத்தில் இருந்தேன் என்று அதில் இருந்தது.

"ஒப்பிட்டா, கையெழுத்துப் போட்டா, பாடி நாளைக்குப் போகும். இல்லெங்கில் சித்தீக் மேல திருட்டுக் கேசு. சைட்டுல சாதனம் காணாமப் போச்சுன்னு எழுதிக் குடுக்கும்" என்றான் சேதுமாதவன்.

அருள்முருகன் என்னைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன். அவன் அந்த அழகான கையெழுத்தில் தன் பெயரை எழுதிக் கொடுத்தான்.

வெளியே வந்ததும், "ரெண்டு கேட்டேன், ஒண்ணு குடுத்துட்டார் ராஜா" என்றான். அவன் குரலில் கேலி இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நான்காம் நாள் பெட்டி மதுரையில் இறங்கியது. மேடம் போகும்போது அவன் கையைப் பிடித்து, விண்ணப்பம் பலித்ததல்லவா என்று என் மூலமாகக் கேட்டார். பலித்தது என்று அவன் சொல்லச் சொன்னான். அப்படியே சொன்னேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு ராக்கம்மாவிடமிருந்து போன் வந்தது. நாங்கள் இருவரும் ஃபெர்ரி துறையில் டீசல் கேன் இறக்கிக்கொண்டிருந்தோம். கையெல்லாம் எண்ணெய் என்பதால் ஸ்பீக்கரில் போட்டான்.

"தம்பி, சுரேஷ்குமாருன்னு ஒருத்தன் வந்து ஒக்காந்துருக்கான். ஒங்க கூட இருந்தவனாம்ல? அவுக குழிக்குள்ள மண்ணு மூடித்தான் செத்தாகன்னு சத்தியம் பண்றான். கம்பெனி மேல கேசு போடலாம், நானே வந்து சாட்சி சொல்றேங்கான்." அங்கே தாளைப் பிரிக்கும் சத்தம் கேட்டது. "ஆனா காயிதத்துல ஒங்க கையெழுத்து இருக்கே தம்பி. நீங்க பக்கத்துலயே இருந்ததாப் போட்டுருக்கே. எது நெசம்?"

சித்தீக் இன்னும் அந்தக் கேம்பில், அவர்கள் கைக்குள்தான் இருந்தான். அருள்முருகன் எண்ணெய்க் கையைக் கந்தல் துணியில் துடைத்தான், திரும்பத் துடைத்தான்.

"ரூம்லதான்க்கா. நான் பக்கத்துலதான் இருந்தேன். தூக்கத்துலயே போயிட்டாரு."

"அப்ப கஷ்டப்படல?"

"இல்லக்கா."

"அப்பறம் ஏன் தம்பி இந்தப் பய இப்பிடி எழவு வீட்ல வந்து பொய் சொல்றான்? எதையாவது புடுங்கித் திங்கலாம்னு வந்துருக்கானா? வெளக்கமாத்தால அடிச்சு வெரட்டிரவா?"

அவன் கடலைப் பார்த்துக்கொண்டு, "வெரட்டிருங்கக்கா" என்றான்.