ஸ்பிளிட் பின் இல்லை என்றேன்

மலாயாவில் கம்யூனிஸ்ட் போராளிகள் காட்டுக்குள் இருந்த அவசரகாலத்தில் நியாலாஸ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தின் லாரிப் பட்டறையில் எனக்கு ஸ்டோர் வேலை. மலாக்கா பட்டணத்தில் இயந்திர வரைபடம் படித்துச் சான்றிதழ் வாங்கியிருந்தேன். என் பொறுப்பில் இருந்தவை: பழைய ராணுவ லாரிகளின் உதிரிப்பாகப் புத்தகங்கள், நாற்பத்தெட்டு இழுப்பறைகள், அவற்றின் சாவிகள். லாரிக்கு அடியில் போகும் வேலை மட்டும் என்னுடையது இல்லை.

அதைச் செய்தவர் முன்பு பால்மரம் வெட்டிய ஓர் அக்கா. ஃபிட்டரான அவர் கணவர் காவல் வேலைக்குப் போய்விட்டதால், கூடமாட உதவிக்கொண்டிருந்த இவரையே மேஸ்திரி வைத்துக்கொண்டார். எழுதப் படிக்கத் தெரியாது. கணவரின் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு அடியில் நுழைவார். எது தேய்ந்திருக்கிறது என்று விரலால் தடவியே சொல்லிவிடுவார். நான் புத்தகத்தில் படத்தைத் தேடி எடுப்பதற்குள் பாதி வேலை முடிந்திருக்கும்.

ஒருநாள் பெரிய லாரியின் இரண்டாவது கியர்க்கம்பி, முன்சக்கரங்களுக்கும் விசையைத் திருப்பிவிடுவது, மேட்டில் தானாக நழுவத் தொடங்கியது. கியர்ப்பெட்டியையே இறக்க வேண்டும் என்றேன். எதற்குப் பின் எதைக் கழற்றுவது என்று பதினொரு வரியில் எழுதியும் கொடுத்தேன்.

அக்கா கம்பியை இரண்டு முறை ஆட்டிப் பார்த்தார். "பெட்டி நல்லாத்தான் இருக்கு. கம்பியையும் தண்டையும் சேக்குற ஆணி தேஞ்சிருக்கு, அவ்வளவுதான்லா."

மேஸ்திரி என் தாளை மடித்து, அதிலேயே கை எண்ணெயைத் துடைத்துக்கொண்டார்.

புது ஆணி போட்டார்கள். அது கழன்று விழாமல் பிடிக்க ஒரு ஸ்பிளிட் பின் வேண்டும். அக்கா ஸ்டோர் ஜன்னலில் வந்து கேட்டார். பதினேழாம் இழுப்பறையில் ஒன்பது இருந்தன. தீர்ந்துவிட்டது என்றேன். அவர் வேலிக் கம்பியில் ஒரு துண்டு வெட்டிச் செருகிவிட்டு, ஓட்டம் பார்க்க லாரியின் பின்னால் ஆட்களோடு ஏறிக்கொண்டார்.

லாரி போகவேண்டியது, போன மாதம் துப்பாக்கிச்சூடு நடந்த மேட்டுக்கு. அந்த வேலிக் கம்பி அறுந்தால் ஆணி விழும். ஆணி விழுந்தால் முன்சக்கரங்களுக்கு விசை போகாமல் லாரி அங்கேயே நிற்கும். இழுப்பறையைத் திறந்தேன்.

காட்டில் இருப்பவர்களுக்கு யாரும் அரிசி கொண்டுபோகிறார்களா என்று தோட்டத்து வாசலில் சோதனை நடந்துகொண்டிருந்ததால் லாரி இன்னும் வாசலைத் தாண்டவில்லை. ஓடி வந்த மூச்சோடு பின்னை நீட்டினேன்.

"தீந்துபோச்சுன்னீங்க?"

"மூலையில கெடந்துச்சுக்கா."

"உங்க டிராயர்ல மூலையில எதுவும் கெடக்காதே, தங்கச்சி." இறங்கி வந்தார். "வாங்க. வச்சிருந்தவங்களே போடுங்க."

சேலையோடு மண்ணில் படுத்து நுழைந்தேன். வேலிக் கம்பி அதற்குள் பாதி அறுபட்டிருந்தது. அதை உருவி, பின்னைச் செருகிவிட்டேன். முனைகளைப் பிரித்து வளைக்கத்தான் வரவில்லை, இடுக்கி வழுக்கியது. என் முகத்தை ஒட்டி அவருடைய மெல்லிய கை நீண்டு இரண்டே திருகலில் வளைத்து முடித்தது.

லாரி மேட்டைத் தாண்டும்வரை நின்று கேட்டேன். இன்ஜின் சத்தம் ஓர் இடத்திலும் மாறவில்லை.

மேஸ்திரியிடம் அவர் அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். அந்தக் குணத்தின் மேலும் எனக்குப் பொறாமையாக இருந்தது.