கதவக்காவின் இரண்டாவது அறை

ஃபிரிட்ஜைத் திறப்பதற்கு முன்னால், உள்ளேயிருந்து என்ன எடுக்கப் போகிறோம் என்று கதவக்காவிடம் சொல்லியாக வேண்டும். அவருடைய வீட்டுக்காரர் "தண்ணி" என்கிறார். "எந்த பாட்டில்?" என்று அடுப்படியிலிருந்து குரல் வருகிறது. "பச்சை மூடி." "எந்தத் தட்டுல?" அவர் யோசிக்கிறார். யோசித்து முடித்த பிறகுதான் கை கதவுப்பிடிக்குப் போகலாம். ஒருமுறை விருந்தாளியாக வந்த கொழுந்தன் கதவை விரியத் திறந்து வைத்துக்கொண்டு, என்ன சாப்பிடலாம் என்று நின்றவாக்கில் யோசித்திருக்கிறார். கதவக்கா எழுந்து போய்க் கதவைச் சாத்தி, அதன்மேல் சாய்ந்து நின்றுகொண்டு, "இப்ப யோசி" என்றாராம். கொழுந்தன் பட்டினியாகவே ஊர் திரும்பினார் என்று சொல்வது மிகை. தண்ணீர் குடித்தார்.

எங்கள் தெருக்கோடியில் இருக்கும் ஐஸ்கிரீம் கம்பெனியின் கிடங்குக்கு அவர்தான் பொறுப்பு. அங்கே இரண்டு குளிர் அறைகள். இரண்டுக்கும் ஆள் கனத்துக்குக் கதவு. தள்ளுவண்டியோடு லோடுமேன்கள் உள்ளே போவதும் வருவதுமாக இருப்பார்கள். ஒவ்வொரு தடவையும் "கதவு!" என்று ஒரு சத்தம் கேட்கும். கொஞ்சம் தாமதமானால், "உள்ள இருக்கிற குளிரு உங்கப்பன் வீட்டுச் சொத்தா?" என்று அடுத்த சத்தம். அப்படி வந்த பெயர்தான் கதவக்கா. சொந்தப் பெயர் சம்பளம் கொடுப்பவருக்குத் தெரிந்திருக்கலாம்.

சாப்பாட்டு நேரத்தில் வெளியே வந்து வெயிலில் நிற்பார். தலையில் கம்பளிக் குல்லா, முழங்கால்வரை தொங்கும் பழைய ஸ்வெட்டர், கையில் உறை. ஊரே வேர்த்து வடிந்துகொண்டிருக்கும் நேரத்தில் அந்தக் கோலத்தைப் பார்த்து, தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் பக்கத்து வீட்டில் ரகசியமாக விசாரிப்பார்கள். அவரோ ஐஸ்கிரீமைத் தொடுவதே இல்லை. பல் கூசுமாம்.

இரண்டு அறைகளில் இரண்டாவதுதான் அவருக்கு உயிர். முதல் அறையைவிட அதில் குளிர் அதிகம். விலை உயர்ந்த சரக்கெல்லாம் அங்கேதான் போகும். பேச்சிலும் அப்படியே. ஒரு லோடுமேனின் மனைவிக்குக் குழந்தை பிறந்தபோது போய்ப் பார்த்துவிட்டு வந்து, "ரெண்டாவது ரூம்ல வைக்க வேண்டிய புள்ள" என்றார். அதைவிடப் பெரிய பாராட்டு அவரிடம் கிடையாது என்று தெரிந்ததால் அப்பன்காரன் அழுதுவிட்டான்.

புயல் வந்தது. மரங்கள் சாய்ந்தன, கம்பங்கள் மடங்கின, வீட்டுக்கூரைகள் அடுத்த தெருவுக்குக் குடிபோயின. மின்சாரம் எப்போது வரும் என்று கேட்டவர்களுக்கு, வரும்போது வரும் என்று பதில் கிடைத்தது. எங்கள் பக்கத்தில் ஜெனரேட்டர் இருந்த இடம் ஐஸ்கிரீம் கம்பெனி ஒன்றுதான்.

கம்பெனியின் சின்ன முதலாளி முதலில் இரக்கப்பட்டு, அப்புறம் கணக்குப் பார்க்கிற ஜாதி. ஐஸ்கிரீம் வண்டியில் ஒலிபெருக்கியைக் கட்டி, வீட்டில் கெட்டுப்போகிற பொருள் எதுவானாலும் கிடங்குக்குக் கொண்டுவரலாம், கட்டணம் இல்லை என்று அறிவிக்கச் சொன்னார். டிரைவர் பழக்கதோஷத்தில் வண்டியின் பாட்டையும் சேர்த்துப் போட்டுவிட்டார். குழந்தைகள் காசோடு ஓடிவந்து, அறிவிப்பைக் கேட்டுவிட்டு, ஏமாந்து திரும்பின.

தொழிலாளிகள் பாதிப்பேருக்கு வீட்டில் கூரை இல்லை. வீட்டைப் போய்ப் பாருங்கள் என்று முதலாளி அனுப்பி வைத்தார். போனவர்கள் தார்ப்பாய் கட்டிவிட்டு மத்தியானமே திரும்பி வந்துவிட்டார்கள். "வீட்ல இருந்தா அண்ணாந்து பாத்துக்கிட்டே உக்காந்திருக்கணும் சார். இங்க வேலையாவது இருக்கு" என்று டிரைவர் என்னிடம் சொன்னார். கதவக்கா வீட்டிலும் தகரம் பறந்துவிட்டிருந்தது. அதைத் தேடிப் பிடிக்கும் வேலையை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். டிரைவர்கள் வண்டிகளில் தண்ணீர் ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாகப் போனார்கள். கதவக்கா குளிர் அறை வாசலில் நின்று சாமான்களை வாங்கி வைத்தார்.

மீன் வந்தது. இறைச்சி வந்தது. பால் வந்தது. அரைகிலோ மீனோடு நானும் போனேன். எனக்கு முன்னால் நின்றவர் ஒரு துணிப்பொட்டலத்தைக் கொடுத்தார். உள்ளே அவர் வளர்த்த கிளி, புயலில் செத்துப்போனது. வெளியூரில் இருக்கும் மகன் வந்து முகம் பார்க்கும்வரை வைத்திருக்க முடியுமா என்று கேட்டார். கதவக்கா பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்து, திரும்பச் சுற்றி, "மீனுக்குப் பக்கத்துல வேணாம். தனியா வெக்கிறேன்" என்றார். வாசலில் வரிசையில் நின்ற ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிக்கிற மாதிரியா நின்றார் கிளிக்காரர்.

சாயங்காலம் மருந்துக்கடைக்காரர் ஒரு பெட்டி நிறைய இன்சுலின் கொடுத்தனுப்பினார். கடையில் இருந்த அத்தனையும் அதில் இருந்தது. பின்னாலேயே பூட்டுக்காரர் வந்தார். கடைவீதியில் பூட்டும் சாவியும் பழுது பார்ப்பவர். அவருடைய மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே சர்க்கரை நோய். வேளாவேளைக்கு ஊசி போட்டால்தான் அந்தப் பெண் நடமாடும். அன்றைய ஊசியைப் போட்டுவிட்டு, மிச்சமிருந்த குப்பியை ஈரத்துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தார். கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"நல்ல எடமா பாத்து வெக்கிறேன். கவலப்படாதீங்க" என்றார் கதவக்கா.

சொன்னபடியே செய்தார். இருப்பதிலேயே நல்ல இடம் எதுவோ அங்கே வைத்தார். இரண்டாவது அறையில், குளிர்காற்று நேரே வந்து அடிக்கிற மேல்தட்டில், மருந்துக்கடைப் பெட்டியையும் பூட்டுக்காரரின் குப்பியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, யாரும் கை வைக்கக்கூடாது என்று லோடுமேன்களிடம் கண்டித்துச் சொன்னார். வாழ்நாள் முழுக்க ஐஸ்கிரீமோடு பழகியவர். எவ்வளவு குளிரோ அவ்வளவு நல்லது என்பதில் அவருக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை.

காலையில் நானும் அங்கே நிற்கும்போது, ஊசிக்காகப் பூட்டுக்காரர் குப்பியைக் கேட்டு வந்தார். கதவக்கா எடுத்துக் கொடுத்தார். அது கல்லாக இருந்தது.

மருந்துக்கடைக்காரரைக் கூட்டிவந்தார்கள். பெட்டியைத் திறந்து பார்த்தவர் உடனே மூடினார். கரைய வைத்தால் சரியாகிவிடுமா என்று கதவக்கா கேட்டார். ஆகாது, இன்சுலின் குளிர்ச்சியாக இருக்கலாமே தவிர உறையக்கூடாது, உறைந்துவிட்டால் அது மருந்தே இல்லை என்றார் அவர். பிரித்த குப்பியை வீட்டிலேயே நிழலில் வைத்திருந்தாலும் சில வாரங்களுக்குக் கெட்டிருக்காது என்பதையும் சொன்னார். அதை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். பூட்டுக்காரரின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"இன்னிக்கு ஒரு பொழுது தாக்குப்பிடிக்கும். அதுக்கு மேல போனா பொண்ணு படுத்துரும். அப்புறம் நம்ம கையில இல்ல" என்றார் மருந்துக்கடைக்காரர். பெரிய ஆஸ்பத்திரியில் இருப்பு இருக்கும், ஆனால் வழியெல்லாம் மரம் விழுந்து கிடக்கிறது என்றும் சொன்னார்.

மருந்துக்கடைக்காரர் எதுவும் சொல்லி அனுப்பவில்லையே, அக்காவுக்கு எப்படித் தெரியும் என்று ஒரு லோடுமேன் ஆரம்பித்தான். கதவக்கா பார்த்த பார்வையில் மிச்சத்தை விழுங்கிவிட்டான். பூட்டுக்காரர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை என்று அங்கிருந்த எல்லாருக்குமே தோன்றியிருக்கும்.

"நல்ல எடம்னு சொன்னீங்களே" என்றார். அவ்வளவுதான்.

கதவக்கா நேரே முதலாளி அறைக்குப் போனார். பின்னாலேயே நாங்களும் போனோம். "நாந்தான் கெடுத்தேன். ஒரு வண்டி வேணும், நானே போறேன்" என்றார். முதலாளி சாவியை எடுத்து நீட்டினார். கதவக்கா நகரவில்லை. கொண்டுவருகிற மருந்தை வைக்க உறையாத அறை ஒன்று வேண்டும், இரண்டாவது அறையின் குளிரைக் குறைக்க வேண்டும் என்றார். குளிர்மெஷின் மெக்கானிக், திருகைத் திருப்பினால் மட்டும் போதாது, உள்ளே இருக்கிற ஐஸ்கிரீமே அறையை உறைய வைத்துக்கொண்டிருக்கும், சரக்கு மொத்தமும் வெளியே போய், கதவும் திறந்து கிடந்தால்தான் சாயங்காலத்துக்குள் நடக்கும் என்றார். கோடைக்காகச் சேர்த்து வைத்த சரக்கு அது.

"எடுத்துத் தெருவுக்குக் குடுத்துடுங்க" என்றார் முதலாளி. பிறகு எல்லாரையும் வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, அந்த அறைக்குள் தனியாகப் போய்க் கொஞ்ச நேரம் நின்றார். வெளியே வந்தபோது மூக்கு சிவந்திருந்தது. குளிர் என்றார்.

அன்று காலை எங்கள் தெரு ஐஸ்கிரீமை ஆகாரமாகச் சாப்பிட்டது. கூரையில்லாத வீட்டுக்குள் ஒரு குடும்பம் வட்டமாக உட்கார்ந்து பிஸ்தா ஐஸ்கிரீமைக் கரண்டியால் பங்கு போட்டது. எங்கள் வீட்டுக்கு முன்னால் வந்த வண்டியின் பாட்டுக்கு இந்தமுறை குழந்தைகள் ஏமாறவில்லை. பெரியவர்கள்தான், ஏதோ இழவு வீட்டில் சாப்பிடுகிற மாதிரி, ஒருவரை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டோம்.

வண்டியில் ஏறுவதற்கு முன் கதவக்கா இரண்டாவது அறையின் கதவைத் தானே திறந்து, மூடாமல் இருக்க ஒரு செங்கல்லை அண்டக் கொடுத்தார். தள்ளுவண்டியோடு வெளியே வந்த லோடுமேன், அத்தனை வருஷப் பயிற்சியில், காலால் செங்கல்லைத் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தினான். "தொறடா!" என்று ஒரு குரல் கேட்டது. அந்த வாயிலிருந்து அந்தச் சொல் வந்து அவன் அதுவரை கேட்டதே இல்லை.

வழியில் நடந்ததை டிரைவர்தான் எனக்குச் சொன்னார். முதல் மரத்தடியில், ரம்பம் வைத்து அறுத்துக்கொண்டிருந்தவர்கள் வண்டியைப் பார்த்துவிட்டு, ஐஸ்கிரீமுக்கு என்ன இப்போ அவசரம் என்று கேட்டிருக்கிறார்கள். கதவக்கா இறங்கிப் போய், "ஒரு புள்ளையோட மருந்தக் கெடுத்துட்டேன். வேற வாங்கப் போறேன்" என்று சொன்னாராம். அவர்கள் அறுப்பதை விட்டுவிட்டு, கிளைகளைப் பிடித்து இழுத்து, வண்டி போகிற அளவுக்கு ஒதுக்கிக் கொடுத்தார்கள். அடுத்த மரத்திலும் அதையே சொன்னார். ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்கிலும் அதையேதான் சொன்னார். கம்பெனிப் பெயரைச் சொன்னாலே போதுமே என்று டிரைவருக்கு இருந்திருக்கிறது. "கம்பெனியா கெடுத்துச்சு?" என்று கதவக்கா கேட்டுவிட்டாராம்.

ஆஸ்பத்திரியில் ஐஸ்கட்டிப் பையோடு தெர்மாகோல் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். ஐஸ்கட்டி குப்பிகளில் பட்டுவிடக் கூடாது என்று சொல்லியனுப்பினார்கள். துணி சுற்றித்தான் இருந்தது. கதவக்காவுக்குத் துணிமேல் நம்பிக்கையில்லை. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, கையுறையைக் கழற்றிவிட்டு, ஐஸ்கட்டிக்கும் குப்பிகளுக்கும் நடுவில் கையை வைத்தார். வண்டி குலுங்கிய இடங்களிலும் எடுக்கவில்லை.

கிடங்கு வாசலில் பூட்டுக்காரர் மகளோடு உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண் தண்ணீர் கேட்டுக் கேட்டுக் குடித்துக்கொண்டிருந்தது. உதடு காய்ந்திருந்தது, பேச்சில்லை. வண்டி நின்றதும் மருந்துக்கடைக்காரர் ஒரு குப்பியை எடுத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, சரி என்றார்.

பூட்டுக்காரர் ஊசியில் மருந்தை ஏற்றினார். எவ்வளவோ பூட்டுகளைத் திறந்த கைக்கு, அளவுக்கோட்டில் நிறுத்த மூன்று தடவை பிடித்தது. அதைப் பார்த்த பெண் தோளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டது. கதவக்கா பக்கத்தில் குந்தி, அதன் கையைப் பிடித்தார். அந்தப் பெண்ணுக்கு உடம்பு சிலிர்த்தது. பிறகு அந்தக் குளிர்ந்த கையை அதுவே எடுத்து, ஊசி போடுகிற இடத்தில் வைத்து அழுத்திக்கொண்டது. அந்த இடம் மரத்ததும், "இப்பப் போடுப்பா" என்றது.

மின்சாரம் வந்தது. மீன்களும் இறைச்சியும் வீடு திரும்பின. கிளியை மகன் வந்து பார்த்துப் புதைத்தார். நல்ல காரியம் செய்த கம்பெனி என்று யாரோ கேடயம் கொடுத்தார்கள். அந்தப் படத்தில் முதலாளிக்குப் பக்கத்தில் நிற்கும் கதவக்கா கேமராவைப் பார்க்கவில்லை, தரையைப் பார்க்கிறார். இரண்டாவது அறை மறுபடியும் நிரம்பிவிட்டது. பூட்டுக்காரர் மட்டும் கிடங்கைத் தாண்டும்போது எதிர்ப்பக்கமாகவே சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தார். கதவக்கா அந்த நேரத்துக்கு வெளியே வராமல் இருந்தார்.

ஒரு நாள் காலை அந்த சைக்கிள் கிடங்கு வாசலில் நின்றது. பின்னால் பள்ளிக்கூடப் பையோடு மகள். "பாப்பா கேக்குறா" என்றார் பூட்டுக்காரர், கதவக்காவைப் பார்க்காமல்.

இப்போது தினமும் நிற்கிறது. கதவக்கா உள்ளேயிருந்து வந்து, உறையைக் கழற்றி, உள்ளங்கையை ஸ்வெட்டரில் துடைத்துவிட்டு, அந்தப் பெண்ணின் தோளுக்குக் கீழே வைத்து அழுத்துகிறார். பூட்டுக்காரர் ஊசியைக் கையில் பிடித்தபடி கதவக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார், அவர் தலையசைக்கும்வரை.