கோலாலம்பூர் போகுமுன் பவளக்கொடியிடம் பெட்டியைத் திறக்க வேண்டும்

பவளக்கொடியின் கை நகுலேஸ்வரியின் பயணப் பெட்டிக்குள் முழங்கை வரை இறங்கியிருந்தது. கண் பெட்டியில் இல்லை, ஜன்னலில் இருந்தது. விரல்கள் மட்டும் ஒவ்வொரு பொருளாகத் தொட்டு அழுத்திப் பார்த்தன. மிளகாய்த் தூள் வெளியே வந்தது, இரண்டு பிளாஸ்டிக் பைகளில் கட்டியிருக்கிறதா என்று பார்க்கப்பட்டது, திரும்ப உள்ளே போனது. மின்சாரப் பிளக் மாற்றி ஒன்று வெளியே வந்தது, மேசையில் கிடந்தது.

"இது எதுக்கு? நம்ம ஊர்லயும் இங்க மாதிரி மூணு கால் பிளக்தான் லா. வீட்டுல வையுங்க."

இலண்டனில் ரெய்னர்ஸ் லேனில் உள்ள எங்கள் முதியோர் பகல் நிலையத்தில் பவளக்கொடியைத் தெரியாதவர் இல்லை. ஆனால் அவர் செய்வதை ஒருவரும் எழுதி வைக்கவில்லை. அதனால் நான் எழுதுகிறேன். வயது அறுபத்தெட்டு. பிறந்தது கோலாலம்பூரில் செந்தூல், ரயில்வே குடியிருப்பு. பத்தொன்பது வயதில் கணக்கியல் படிக்க இலண்டன் வந்து, முப்பத்தொரு வருடம் ஒரு கவுன்சில் அலுவலகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். நாங்கள் எல்லோரும் யாழ்ப்பாணத்தார், அவர் ஒருவர்தான் மலேசியர். எங்களில் பாதிப் பேருக்குக் கோலாலம்பூரில் சொந்தம் உண்டு. பாட்டன் காலத்தில் மலாயாவுக்கு ரயில்வே கிளார்க்காகப் போனவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள்.

வியாழக்கிழமை தோறும் காலையில் பவளக்கொடி செந்தூலில் இருக்கும் தன் சித்தப்பா மகன் புவனேசனுக்கு ஃபோன் எடுப்பார். புவனேசன் டாக்சி ஓட்டுகிறவர். எந்தப் பாலத்தில் வேலை நடக்கிறது, எந்த ஸ்டேஷனில் லிப்ட் பழுது, மழை எத்தனை மணிக்குக் கொட்டுகிறது என்று கேட்டு எழுதிக்கொள்வார். பிறகு மூன்று நிமிடக் குரல் பதிவு ஒன்று வாட்ஸ்அப்பில் வரும். "பத்துமலைக்குப் போறவங்க காலையில ஏழு மணிக்கே போங்க. இருநூத்தி எழுபத்திரெண்டு படி. கையில வாழைப்பழம் கொண்டு போனா அது குரங்குக்குத்தான், உங்களுக்கு இல்ல." அலங்காரம் கிடையாது. முந்நூறு பேருக்கு மேல் கேட்கிறோம். பயணமே இல்லாதவர்களும் கேட்கிறோம்.

பத்தொன்பது வருடத்தில் அவர் பெட்டி பார்த்து அனுப்பிய ஒருவர்கூட அங்கே இறங்கிச் சிக்கலில் மாட்டவில்லை. கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதத்துக்குச் செல்லாது என்று இரண்டு பேரைப் பயணத்துக்கு முன்பே நிறுத்தியிருக்கிறார். அவர்கள் கோபித்தார்கள், புதுப்பித்தார்கள், போய் வந்து பலகாரம் கொடுத்தார்கள்.

நகுலேஸ்வரிக்கு மறுநாள் பகல் விமானம். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் தமக்கையைப் பார்த்து இருபத்திரண்டு வருடமாகிறது. தமக்கைக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். இந்த முறை பார்க்காவிட்டால் பிறகு பார்க்க முடியாது என்பதை நகுலேஸ்வரி அறிவார். நானும் ஒளிக்காமல் சொல்லியிருந்தேன். முதியோர் இல்லத்தில் இருபத்தாறு வருடம் பராமரிப்பு வேலை செய்தவள் நான், அப்படிப்பட்ட விஷயத்தைப் பூசி மெழுகுவது எனக்கு வராது. அன்றைக்கு நான் நகுலேஸ்வரியின் வீட்டுக்குப் போனது அவருடைய மருந்துப் பெட்டியைச் சரிபார்க்க.

பெட்டியின் அடியிலிருந்து பவளக்கொடி ஒரு பொதியை எடுத்தார். செங்கல் அளவு. பழுப்பு டேப் நாலு சுற்று.

"இது யாரோடது?"

"அது என்ரை சம்பந்தி தந்தவ. கிள்ளானிலை இருக்கிற அவவின்ரை மச்சாளுக்கு ஒரு சீலையாம்."

பவளக்கொடி அதைக் காதருகே வைத்து ஆட்டினார். "சீலை கலகலன்னு சத்தம் போடுமா?"

"எனக்கென்ன தெரியும்? ஆக்கள் நம்பித் தந்ததை ஆட்டிப் பாக்கிறதே?"

இதுதான் எங்கள் சனத்தின் வழக்கம். ஒருவர் வெளிநாடு போகிறார் என்றால் மற்றவர்கள் அவர் கையில் ஏதாவது கொடுத்துவிடுவார்கள். வாங்குகிறவர் என்ன என்று கேட்கமாட்டார். கேட்டால் சந்தேகப்பட்டதாக ஆகிவிடும். அதுவும் சம்பந்தி வீட்டுப் பொதி. நகுலேஸ்வரியின் மகன் கட்டியிருப்பது கமலேஸ்வரியின் மகளை.

பவளக்கொடி கத்தரிக்கோலைத் தேடினார். நகுலேஸ்வரி பொதியைப் பறித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"வேண்டாம் அக்கா. பிரிச்சதெண்டு தெரிஞ்சால் அவ என்ரை வாசல் மிதிக்க மாட்டா. நடுவிலை என்ரை மகன்தான் கிடந்து இழுபடுவான்."

"சரி. நான் பிரிக்கல. அவங்களே வந்து பிரிக்கட்டும்."

பவளக்கொடி பொய் சொல்லிச் சமாளிக்கவில்லை. கமலேஸ்வரிக்கு ஃபோன் எடுத்து, "உங்க பார்சல் எங்ககிட்ட இருக்கு. வந்து உங்க கையால பிரிச்சு, உங்க கையாலயே பெட்டியில வையுங்க. எல்லாருக்கும் இதுதான்" என்றார். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. இருபது நிமிடத்தில் கமலேஸ்வரி வந்தார். வீட்டு உடுப்புக்கு மேல் கோட். முகத்தைப் பார்த்தே நான் கேத்தலைப் போட்டேன்.

"என்ன, இஞ்சை கஸ்டம்ஸ் ஒப்பீஸ் திறந்திருக்கிறியளோ?"

"ஆமா. அங்க இருக்கிறவங்களைவிட நான் நல்லவ. டீ தருவேன்."

"நான் என்ன, குண்டோ கட்டித் தந்தனான்?"

"குண்டு கட்டினவங்க கூப்பிட்டா வரமாட்டாங்க. நீங்க வந்துட்டீங்க" என்று பவளக்கொடி கத்தரிக்கோலை நீட்டினார்.

கமலேஸ்வரி வாங்கவில்லை. நகுலேஸ்வரியைத்தான் பார்த்தார். "நீங்களும் என்னை நம்பேல்லை, என்ன?"

நகுலேஸ்வரி அதிகம் பேசாதவர். மகன் கலியாணத்தில் சம்பந்தி சொன்ன எல்லாவற்றுக்கும் ஓம் போட்டவர். அன்று அவர் பொதியை மேசையில் வைத்து, கமலேஸ்வரி பக்கம் தள்ளினார்.

"நம்பிறன். ஆனா நான் என்ரை அக்காவைப் பாக்கப் போறன். எயார்போட்டிலை என்னை மறிச்சு வைச்சால் அக்காவைப் பாக்க ஏலாது. நீங்கள் பிரிச்சுக் காட்டினால் கொண்டு போறன். இல்லாட்டி இது இஞ்சை கிடக்கட்டும். நீங்கள் கோவிச்சாலும் கோவியுங்கோ."

கேத்தல் கொதித்து நின்றது. கமலேஸ்வரி கோட்டைக் கழற்றாமலே கத்தரிக்கோலை எடுத்தார்.

உள்ளே மயில்நீலப் பட்டுச்சேலை இருந்தது. சொன்னது பொய்யில்லை. சேலை மடிப்புக்குள் பழைய ஹோர்லிக்ஸ் போத்தல் ஒன்று, வாய்வரைக்கும் குளிசை, அத்தனையும் உதிரி மாத்திரை. நான் மூடியைத் திறந்து உள்ளங்கையில் கொட்டினேன். இரண்டு வகை. ஒன்று கொடீன் சேர்ந்த வலிக் குளிசை. மற்றது நித்திரைக் குளிசை. ஆயிரம் தடவை கொடுத்திருக்கிறேன், எழுத்தைப் பார்க்காமலே தெரியும்.

"அவளுக்கு முழங்கால் நோ. இரவிலை நித்திரை இல்லை எண்டு ஒவ்வொரு நாளும் ஃபோனிலை அழுறாள்" என்றார் கமலேஸ்வரி. "டொக்டர் எனக்குத் தந்ததுதான். நான் விழுங்காமல் ஒண்டொண்டாச் சேர்த்து வைச்சனான்."

"போத்தலிலை பேர் இல்லை, அளவு இல்லை, ஆருக்கு எழுதினதெண்டு இல்லை" என்றேன். "என்ரை இல்லத்திலை நான் உப்பிடி ஒண்டைக் குடுத்திருந்தால் அண்டைக்கே வேலை போயிருக்கும். அந்த நாட்டிலை மருந்துச் சட்டம் இதைவிட இறுக்கம். பிடிபட்டால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள் இல்லை, நகுலேஸ்."

கமலேஸ்வரி கதிரையில் உட்கார்ந்தார். கெட்ட எண்ணம் துளியும் இல்லாத ஆள். தன் வலியைப் பொறுத்துக்கொண்டு மச்சாளுக்குக் குளிசை சேர்த்திருக்கிறார். அதே குளிசையால் சம்பந்தியைச் சிறைக்கு அனுப்பியிருப்பார்.

வேறு யாராவது என்றால் இந்த இடத்தில் ஒரு பிரசங்கம் வைத்திருப்பார்கள், நானே வைத்திருப்பேன். பவளக்கொடி ஃபோனை எடுத்தார். அங்கே இரவுச் சாப்பாட்டு நேரம். "புவனேசு, கிள்ளான்ல முழங்காலுக்கு நல்ல டாக்டர் யாரு? படி ஏறாத இடமா பாரு. ஒரு அம்மாவ நீ கூட்டிக்கிட்டுப் போகணும்." பத்து நிமிடத்தில் பதில் வந்தது. டாக்டர் பெயர், நேரம், வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்குப் புவனேசனே காரோடு வாசலில் நிற்பார் என்ற உறுதி. பவளக்கொடி அதை ஒரு தாளில் எழுதி, சேலை மடிப்புக்குள் போத்தல் இருந்த இடத்தில் வைத்தார்.

"இப்ப உள்ள வையுங்க. உங்க கையால."

கமலேஸ்வரி வைத்தார். பிறகு பெட்டியில் கிடந்த மற்றப் பொதிகளையும் பார்த்து, "உதுகள் ஆரின்ரை? அவையளையும் கூப்பிடுங்கோ" என்றார். நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை, உண்மையாகவே சொன்னார். சாயந்தரத்துக்குள் இன்னும் இரண்டு பேர் வந்து பிரித்துக் காட்டிப் போனார்கள். ஒன்றில் பனங்கிழங்கு ஒடியல் மா, மற்றதில் குழந்தைச் சட்டை. கத்தரிக்கோலைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றது கமலேஸ்வரி.

எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் இருந்திருக்கிறேன். ஒருவரைக் குறுக வைக்காமல் தவறைத் திருத்துவது எப்படி என்று ஒவ்வொன்றிலும் சொல்லித் தந்தார்கள், சான்றிதழும் தந்தார்கள். செய்து காட்டிய ஆட்களை விரல் விட்டு எண்ணலாம். அதில் பவளக்கொடிக்கு ஒரு விரல் உண்டு. அவர் எங்கள் நிலையத்தில் இருப்பது எங்களுக்குப் பெருமை.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கமலேஸ்வரி தன் காரோடு வந்தார். ஆக்டன் டவுனில் ரயில் மாறி மாறிப் பெட்டி இழுக்க வேண்டாம் என்று எங்கள் மூவரையும் ஹீத்ரோவுக்குக் கொண்டு போனார். பெட்டி கொடுக்கும் இடத்தில் இருந்த பெண், உள்ளே இருப்பதெல்லாம் தெரியுமா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நகுலேஸ்வரி எங்களைத் திரும்பிப் பார்க்காமல் "யெஸ், எவ்ரிதிங்" என்றார். பெட்டி போனது, பிறகு அவரும் உள்ளே போனார்.

திரும்பி வரும் வழியில் ரெய்னர்ஸ் லேன் மருந்துக்கடையில் கார் நின்றது. கமலேஸ்வரி போத்தலைக் கவுண்டரில் வைத்து, மிச்சக் குளிசை, அழிக்கத் தருகிறேன் என்றார். குளிசையை எடுத்துக்கொண்டு போத்தலைத் திருப்பித் தர முடியுமா, மூடி நல்ல இறுக்கம் என்றும் கேட்டார். கடைக்காரர் தரவில்லை.