இரண்டாவது ஹோர்ன்

அலுவிகாரைப் பெருமக்களே, சந்தியாகு அண்ணனோடு பழகியவர்களே, உங்களில் ஒருவர்கூட நம்பாத கதையொன்றைச் சொல்லப்போகிறேன் என்று, வேதப்புத்தகத்தில் கைவைக்காத குறையாக வாக்களிக்கிறேன்.

செய்தி தம்புள்ளையிலிருந்து வந்தது. டிசம்பரில், நத்தாருக்கு முந்திய வாரம். மரக்கறிச் சந்தையில் லொறியை நிறுத்திவிட்டு, கோவா மூட்டைகளை இறக்கும்வரை ஸ்டியரிங்கில் தலை சாய்த்த அண்ணன் பிறகு எழும்பவேயில்லை. பக்கத்து லொறிக்காரர் நஸார் நானாதான் அழைத்தார்.

"ஹோர்ன் நிக்காம அடிச்சிக்கிட்டே இருந்திச்சு தம்பி. யாருடா இதுன்னு ஏசிக்கிட்டுத்தான் போனேன். தலையத் தூக்கினதும் நின்னுருச்சு."



அந்த ஹோர்ன் சாதாரணமானதா? அது ஒலித்தால் சந்தையில் கோவா தானாக இலை பிரிந்து வெடிக்கும். கண்டியில் தூங்கும் குழந்தை மாத்தளையை நோக்கித் திரும்பிப் படுக்கும். பின்னேரம் திரும்பி வரும்போது வீட்டுக்கு முந்திய வளைவில் அண்ணன் நீளமாக ஒன்று, கட்டையாக ஒன்று அடிப்பார். ஏனென்று கேட்டேன். "நீளமா அடிக்கிறது வந்த வழிக்கு நன்றி. கட்டையா அடிக்கிறது நாளைக்குப் போற வழிக்கு. நன்றிய இழுத்துச் சொல்லணும் தம்பி, கேக்கிறத சுருக்கமாக் கேக்கணும்" என்றார். அந்த இரண்டாவது ஹோர்னுக்குத்தான் ரோசலின் அண்ணி தேத்தண்ணிக் கேத்தலை அடுப்பில் ஏற்றுவார்.

ஒருமுறை என் ஓட்டோவை வீட்டில் விட்டுவிட்டு, அண்ணனோடு லொறியில் லக்கலப் பக்கம் பூசணி ஏற்றப் போனேன். நடுவீதியில் மலை போல ஒரு யானை. நான் பூசணிக்காய்களுக்குள் பூசணிக்காயாகிவிட்டேன். அண்ணன் எஞ்சினை நிறுத்தி, நீளமாக ஒன்று, கட்டையாக ஒன்று அடித்தார். யானை மண்டியிட்டு வணங்கி வழிவிட்டது. "பாத்தீங்களா, அதுக்கும் வீட்டுக்குப் போற அவசரம்" என்றார்.

ஆண்டின் கடைசி நாள் பின்னேரம் நம் சிறு வேதக்கோயிலில் வீட்டுக்கு ஒருவர் எழுந்து, போன வருடத்துக்கு ஒரு நன்றியும் வரும் வருடத்துக்கு ஒரு வேண்டுதலும் சொல்வது உங்களுக்குத் தெரியும். அண்ணியை அழைக்கப் போனேன். வீட்டின் பின்னால் பேட்டரி கழற்றிய லொறி படங்கு போர்த்தி நின்றது. அண்ணன் போன நாளிலிருந்து பின்னேரத்தில் அந்த அடுப்பு எரியவில்லை. அண்ணியின் கன்னம் ஒட்டியிருந்தது.

"நன்றி சொல்ல எனக்கு நெறைய இருக்கு தம்பி. கேக்கத்தான் ஒன்னுமில்ல. அவரே மொத ஹோர்ன மட்டும் அடிச்சிட்டுப் போயிட்டாரு. இன்னமும் பொழுதுபட்டா அது ஒன்னு மட்டும் எனக்குக் கேக்குது."

நான் பெரிதாகச் சிரித்து வைத்தேன். எனக்கும் கேட்கிறது என்று சொல்லவில்லை.

சும்மா வந்து உட்கார்ந்தால் போதும் என்று கெஞ்சி அண்ணியைச் சம்மதிக்க வைத்தேன். பிறகு நஸார் நானாவைப் பிடித்து, தம்புள்ளையிலிருந்து வரும் வழியில், வழிபாட்டு நேரத்துக்குக் கோயில் வாசலில் நீளமாக ஒன்று, கட்டையாக ஒன்று அடிக்கச் சொன்னேன். அவரும் ஒப்புக்கொண்டார்.

அண்ணியின் முறை வந்தது. எழுந்தார்.

"அவர் வீடு வந்து சேந்த எல்லா நாளுக்கும் நன்றி ஆண்டவரே."

அத்தோடு நின்றுவிட்டார். கோயிலே காத்திருந்தது. நான் வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீளமாக ஒன்று கேட்டது. கொஞ்சம் பொறுத்து, கட்டையாக ஒன்று.

அண்ணி முன்னிருந்த வாங்குப் பலகையைப் பிடித்துக்கொண்டார். "அடுப்பப் பத்தவைக்க பெலன் குடுங்க" என்று சொல்லி உட்கார்ந்தார்.

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்தார். "ஒங்க வேலதானே தம்பி?"

தலையாட்டினேன். அண்ணி முன்னால் நடந்தார். சற்று நேரத்தில் நஸார் நானாவின் அழைப்பு வந்தது. "கோவிச்சுக்காதீங்க தம்பி. பாதி வழியில, நாவுலயில டயர் போயிருச்சு. லொறி இன்னும் ஜாக்கிலதான் நிக்குது."

பெரிய வீதியில் லொறிக்கா பஞ்சம் என்று எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். அண்ணன் லொறியின் படங்கைக்கூடத் தூக்கிப் பார்த்தேன், பேட்டரி இல்லை.

அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த இரண்டு ஹோர்ன்கள். என் ஓட்டோவின் ஹோர்ன் கோழிக்குஞ்சு போலத்தான் கத்தும். ஆனாலும் பின்னேரம் அந்த வளைவில் நீளமாக ஒன்று, கட்டையாக ஒன்று அடிக்கிறேன். அண்ணியின் கேத்தல் அடுப்பில் ஏறுகிறது.

இனி உண்மையைச் சொல்கிறேன். கோவா வெடித்ததில்லை. கண்டிக் குழந்தை திரும்பிப் படுத்ததில்லை. யானை மண்டியிடவில்லை, தன்பாட்டில் காட்டுக்குள் போனது. அண்ணி, அன்று என் வேலைதான் என்று நான் தலையாட்டியதும், எனக்கே அப்போது தெரியாத பொய்தான்.

நாவுலயில் டயர் போனது மட்டும் உண்மை.