துவைக்காத ஸ்வெட்டர்

என் அக்கா மாதிரி சுத்தம் பார்க்கிற ஆளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பெரிய ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவு நர்ஸ். வீட்டில் நாங்கள் வைத்த பெயர் 'சோப்புப்பெட்டி'. அத்தானுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்த பிறகு அந்தப் பெயர் அவளுக்குக் கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

மருந்து ஏற ஏற உடம்பில் எதிர்ப்பு சக்தி இறங்கிவிடும், சின்னக் கிருமிகூட ஆளைச் சாய்த்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவ்வளவுதான். வேலை முடிந்து வந்தால் அக்கா நேராகக் குளியலறைக்குள் போவாள். யூனிஃபார்ம் கொதிக்கிற தண்ணீரில் விழும். தலைக்குக் குளித்து வேறு உடை மாற்றிய பிறகுதான் புருஷன் பக்கத்தில் போவாள். நான் மாடியில் குடியிருப்பவள். ஒரு கிண்ணத்தோடு இறங்கி வந்தாலும் "கை கழுவினியா?" என்பதுதான் எனக்குக் கிடைக்கும் வரவேற்பு.

"என்னையும் ஒரு தடவை கொதிக்க வச்சுக் காயப்போட்டுடு, உனக்கு நிம்மதியா இருக்கும்" என்பேன்.

"கொடியில இடம் இல்லம்மா, நான் தொங்கிட்டிருக்கேன்" என்பார் அத்தான் கட்டிலில் இருந்து.

அந்த நீல ஸ்வெட்டர் மட்டும் எந்தக் கணக்கிலும் வரவில்லை. அவள் பிரிவில் ஏசி எலும்பைத் துளைக்கும். யூனிஃபார்முக்கு மேல் ஆளாளுக்கு ஒரு ஸ்வெட்டர் போட்டிருப்பார்கள். நோயாளியைப் புரட்டும்போதும் சளி உறிஞ்சி எடுக்கும்போதும் அதன் கை கட்டிலிலும் ஆளிலும் உரசிக்கொண்டே இருக்கும். ஆனாலும் அதை யாரும் துவைப்பதில்லை. வெந்நீரில் போட்டால் சுருங்கிவிடும், பச்சைத் தண்ணீரில் போட்டால் மறுநாளைக்குக் காயாது. அது என்ன யூனிஃபார்மா, குளிருக்குப் போடுவதுதானே. அக்காவும் வாசலில் அதைக் கழற்றி, நடையில் இருக்கிற ஆணியில் மாட்டிவிட்டுத்தான் குளிக்கப் போவாள்.

அத்தானுக்கு அடிக்கடி குளிர் எடுக்கும். போர்வை பாரமாக இருக்கிறது, ஸ்வெட்டர்தான் வேண்டும் என்பார். அக்கா குளித்துவிட்டு வருவதற்குள் அது அவர் மார்பின் மேல் கிடக்கும். "என் சூடு அதுல இருக்குமாம்" என்று வெட்கத்தோடு என்னிடம் சொல்லியிருக்கிறாள். ஊருக்கே கை கழுவச் சொல்கிறவள். நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

ஒரு காலையில் காய்ச்சல் ஏறியது. எந்த மருந்துக்கும் அடங்காத கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். ஒரு வாரம் தாங்கவில்லை, அத்தான் போய்விட்டார்.

அக்கா வேலைக்குத் திரும்பியபோது அங்கேயும் சில நோயாளிகளுக்கு அதே கிருமி. எப்படிப் பரவுகிறது என்று பார்க்க, அன்றைக்கு நர்சுகளின் உடைகளைப் பஞ்சுக்குச்சியால் துடைத்து ஆய்வுக்கு எடுத்தார்கள். மறுநாளிலிருந்து ஸ்வெட்டரை அக்கா மகள் எடுத்துக்கொண்டாள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அதைப் போட்டுக்கொண்டு அப்பா கட்டிலில் சுருண்டு படுப்பாள். யாருக்கும் தடுக்க மனம் வரவில்லை.

பிறகு ஆய்வு முடிவு வந்ததை அக்கா எனக்குப் போனில் சொன்னாள். யூனிஃபார்ம்கள் பெரும்பாலும் தப்பித்தன. ஸ்வெட்டர் கைகளில்தான் கிருமி அப்பிக் கிடந்தது, அக்காவுடையதிலும். "என் வீட்டுக்காரருக்கு வந்தது இதுலேருந்துதானா?" என்று டாக்டரிடம் கேட்டிருக்கிறாள்.

"அவர் உடம்பிலேயே இருந்திருக்கலாம் சிஸ்டர். இதுதான்னும் சொல்ல முடியாது, இது இல்லேன்னும் சொல்ல முடியாது."

அன்று அவள் குளியலறைக்குப் போகாமல் யூனிஃபார்மோடு மகள் படுத்திருந்த அறைக்குள் நுழைந்ததை நான் பார்த்தேன்.

"கழட்டு அதை."

"எதுக்கும்மா? அப்பா வாசனை இருக்கு."

"கழட்டுன்னு சொன்னேன்ல."

பிள்ளை விடவில்லை. அக்கா பிடுங்கிக்கொண்டு போய்க் கொதிக்கிற தண்ணீரில் அமுக்கினாள். "அப்பாவையும் துடைச்சு எடுத்துட்டே. இப்போ வீடு சுத்தமாயிடுச்சா?" என்று கேட்டுவிட்டு மகள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று நான் கிளம்பினேன். அக்கா என் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்தாள்.

"சொல்லாத."

"உன்னைக் கொலைகாரி மாதிரி பார்க்குதே அந்தப் பிள்ளை."

"பார்க்கட்டும். நான் குளிக்கப் போனதும் ஆணியில இருந்து எடுத்து அவருக்குப் போத்திவிட்டது யாருன்னு நினைக்கிற? அவதான். தினமும். நானும் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்."



ஸ்வெட்டர் சுருங்கி, கைக்குழந்தைக்குப் போடுகிற அளவுக்கு ஆகிவிட்டது. மகள் அதைத் தன் அலமாரியில் வைத்திருக்கிறாள். அம்மாவோடு பேச்சில்லை. அக்கா இப்போது ஸ்வெட்டர் இல்லாமல்தான் வேலைக்குப் போகிறாள், விரல்கள் வெளிறித்தான் திரும்பி வருகிறாள்.

நேற்று நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது மகள் வந்து பக்கத்தில் நின்றாள்.

"அம்மாவுக்கு ஈவு இரக்கமே கிடையாது, இல்ல சித்தி?"

அக்கா பின்னால் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தேன். அவள் லேசாகத் தலையசைத்தாள்.

"ஆமாம்மா" என்றேன்.