பன்றிக்கு எந்தத் தோட்டா

1. முதல் நாள்

தோட்டாக் கடையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒரு பெட்டியைக் கீழே போட்டுவிட்டேன். பன்னிரண்டு 'போர்' என்கிற குழல் அளவுத் துப்பாக்கிக்கான இருபத்தைந்து தோட்டாக்கள் சிமென்ட் தரையில் நாலாபக்கமும் உருண்டன. நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு இரும்பு பீரோவுக்குப் பின்னால் குத்த வைத்து உட்கார்ந்துவிட்டேன். கண்ணைத் திறந்தபோது முதலாளி ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"எந்திச்சு வா பிள்ளே. கீழ விழுந்தா வெடிக்காது. பின்னால ஒரு பித்தளைப் பொட்டு இருக்கில்லியா, அதில ஊசி குத்தினாத்தான் வெடிக்கும்."

எழுந்து வந்தேன். பதிவேட்டில் நான் எழுதிய முதல் பக்கத்தை இப்போது யாராவது எடுத்துப் பார்த்தால் எழுதியவருக்குக் குளிர்காய்ச்சல் என்றுதான் நினைப்பார்கள்.

அது தொண்ணூறுகளின் தொடக்கம். பாறசாலைச் சந்தை ரோட்டில் லைசென்ஸ் உள்ள துப்பாக்கி, தோட்டாக் கடை அது. டைப்ரைட்டிங் முடித்துவிட்டு இரண்டு வருடம் வீட்டில் இருந்த எனக்குச் சபையில் ஒருவர் சொல்லிக் கிடைத்த வேலை. வருகிறவரின் லைசென்ஸ் புத்தகத்தைப் பார்க்க வேண்டும், அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் போகாமல் தோட்டா கொடுக்க வேண்டும், இரண்டு இடத்திலும் பதிந்து கையெழுத்து வாங்க வேண்டும். இவ்வளவுதான் வேலை என்று சொல்லித்தான் சேர்த்தார்கள்.

2. எதற்கு எது

சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, வருகிறவர்களில் பாதிப் பேருக்கு என்ன தோட்டா வேண்டும் என்று தெரியாது. துப்பாக்கி அப்பா காலத்தில் வாங்கியதாக இருக்கும். தோட்டம், விளைக்குப் பாதுகாப்பு என்று லைசென்ஸ் இருக்கும். "ரெண்டு பெட்டி குடு" என்பார்கள். எது என்று கேட்டால் என் முகத்தைப் பார்ப்பார்கள்.

அதனால் நானே படித்துக்கொண்டேன். பன்னிரண்டு போரில் ஆறாம் நம்பர் என்றால் சிறு கடுகு போன்ற ஈயம், நூற்றுக்கணக்கில் இருக்கும். வௌவாலையும் பறவையையும் விரட்டுவதற்கு மேல் ஒன்றும் ஆகாது. எல்.ஜி. என்றால் உள்ளே ஆறு பெரிய உருண்டை; முப்பது அடிக்குள் நின்றால் பன்றி விழும், அதற்கு மேல் தூரம் போனால் உருண்டைகள் பிரிந்து காயம்தான் படும். அடிபட்ட பன்றியைப் போல மோசமான எதிரி வேறு கிடையாது.

ரைஃபிள் வேறு விஷயம். எங்கள் பக்கத்தில் இருந்ததெல்லாம் .315 அளவுதான். அதற்கு ஒரே குண்டு. நுனியில் ஈயம் வெளியே தெரிந்தால் சாஃப்ட் நோஸ். உடம்பில் பட்டதும் நுனி மலர்ந்து, உள்ளேயே நின்று, தன் வேகம் முழுவதையும் அங்கேயே இறக்கிவிடும். மிளா என்கிற கடமான், பன்றி எல்லாவற்றுக்கும் இதுதான். நுனி வரை செம்பு உறை மூடியிருந்தால் ஹார்ட் நோஸ். அது மலராது, துளைத்துக்கொண்டு போகும். காட்டி என்கிற காட்டெருமை போன்ற கனத்த எலும்புள்ள விலங்குக்கென்று பெரிய துப்பாக்கிகளில் போடுவது. எங்கள் கடையில் .315க்கான ஹார்ட் நோஸ் வெளிநாட்டுப் பழைய பெட்டி ஒன்று மட்டும் இருந்தது. யாரும் கேட்டதில்லை.

வேட்டை என்பது சட்டத்தில் எப்போதோ முடிந்துபோன காரியம். ஆனாலும் மலையடிவாரத்திலிருந்து பன்றி இறங்கி மரச்சீனிக் கிழங்கு விளையை உழுதுபோடும், சில சமயம் மனிதரையும் குத்தும். அப்போது வனத்துறை மேலதிகாரி எழுத்தில் உத்தரவு கொடுத்தால் மட்டும், லைசென்ஸ் உள்ள ஒருவர் அந்த ஒரு பன்றியைச் சுடலாம்.

3. பத்தரை மணி

பொன்னையன் அண்ணன் அப்படியொரு உத்தரவோடுதான் வந்தார். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர், வெள்ளறடைப் பக்கம். ஆறடி உயரம், கடைக்குள் நுழையக் குனிய வேண்டும். பேசினால் தெருவுக்கே கேட்கும். பனச்சமூட்டுக்குப் பக்கத்தில் ஒற்றைப் பன்றி ஒன்று ரப்பர் வெட்டுகிற ஒருவரைக் குடல் தெரியக் குத்தியிருந்தது. அதைச் சுட இவரைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். அன்று முதலாளி திருவனந்தபுரம் போயிருந்தார். கடையில் நான் மட்டும்தான்.

"மூணு பதினஞ்சு ரைஃபிளுக்கு அஞ்சு தோட்டா. ஹார்ட் நோஸ்."

"அண்ணே, பன்னிக்கு சாஃப்ட் நோஸ் போதுமே."

"போதுமா? போன வருசம் சாஃப்ட் நோஸ் வச்சுத்தான் சுட்டேன். பன்னிக்க தோளில உள்ள தோலு பலகை மாதிரியாக்கும். குண்டு தோலிலயே சிதறிட்டு. அது ரெண்டு நாளு விளையெல்லாம் ஓடித் திரிஞ்சுது. நான் ரெண்டு நாளு உறங்கல்ல. நீ பன்னியக் கண்டிருக்கியா?"

"இல்லண்ணே."

"பின்ன? எடு."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் ஹார்ட் நோஸ் பன்றிக்குள் நிற்காது, மறுபக்கம் வெளியே வரும் என்று எனக்குத் தெரியும். வெளியே வந்து எங்கே போகும் என்று அவரிடம் கேட்டிருக்க வேண்டும். அவர் மேஜையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். வாசலில் இரண்டு பேர் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் பழைய பெட்டியைத் திறந்து ஐந்தை எண்ணிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிட்டேன்.

4. உத்தரவின் நகல்

மதியம் இரண்டு மணிக்கு வனத்துறைக் காவலர் சுகுமாரன் வந்தார்; பேச்சில் பாதி மலையாளம். உத்தரவின் நகல் ஒன்று கடை ஃபைலில் இருக்க வேண்டும், அதைக் கொடுக்க. காகிதத்தில் இடம் எழுதியிருந்தது; காலையில் அவசரத்தில் அதை நான் பார்க்கவில்லை. நான் வாசித்தேன். மிஷன் பள்ளிக்கு மேற்கே உள்ள ஓடை.

"சாரே, இது அந்தத் தாழங்காடு உள்ள ஓடைதானே?"

"அதே சேச்சி. காலத்தே முதல் பன்னி அதுக்குள்ளாணு. மூணு மணிக்குக் கொட்டடிச்சு வெளியில விரட்டிச் சாடிக்கும். பொன்னையன் கெழக்குக் கரையில நிக்கியாரு."

கிழக்குக் கரையில் நின்றால் துப்பாக்கி மேற்கே பார்க்கும். மேற்குக் கரையில் வரிசையாக மூன்று வீடுகள். செங்கல் சுவர்கூட இல்லை, மண் சுவரும் ஓலையும். அதில் ஒன்று என் சித்தி மகள் லீலாவின் வீடு.

"அந்த வீட்டில உள்ளவங்கள மாத்தியாச்சா?"

"எல்லாரையும் ஸ்கூலுக்கு மாத்தி."

"லீலாவையுமா?"

"ஏது லீலா?"

லீலாவுக்குப் பிள்ளை பிறந்து எட்டு நாள். பகலில் வீட்டில் வேறு யாரும் இருக்கமாட்டார்கள்; கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டு உள்ளறையில் கிடப்பாள். முற்றத்தில் நின்று கூப்பிட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு அந்த வீடு ஆளில்லாத வீடாகத்தான் தெரியும்.

பனச்சமூடு டெலிபோன் பூத்துக்கு மூன்று முறை போட்டேன். லைன் கிடைக்கவில்லை. சுகுமாரனிடம் ஹார்ட் நோஸ் கதையைச் சொன்னேன். அவர் உடனே வண்டிச் சாவியை எடுத்தார். அவர் பெயரில் பதிந்து ஐந்து சாஃப்ட் நோஸ் எடுத்தேன். கடையைப் பூட்டிவிட்டு அவருடைய பைக்கில் பின்னால் ஏறினேன். அதுவரை நான் அந்நிய ஆணின் வண்டியில் ஏறியதில்லை. அன்று அதை நினைக்கவும் இல்லை.

காரக்கோணம் தாண்டியதும் ரோடு குண்டும் குழியுமாக இருந்தது. வண்டிச் சத்தத்துக்கு மேலே ஒரு வெடிச்சத்தம் கேட்டுவிடுமோ என்று காதைத் தீட்டிக்கொண்டே போனேன். ஒரு லாரி டயர் கல்லில் ஏறி 'டப்' என்றது. நான் அலறிவிட்டேன். சுகுமாரன் வண்டியை நிறுத்தி, "சேச்சி, பேடிக்கண்டா, ஒண்ணும் ஆகல்ல" என்றார். உடனே வண்டியைத் திரும்ப எடுத்தார்.

5. ஓடைக்கரை

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மூன்றாக இன்னும் பத்து நிமிடம். பள்ளிச் சுவரில் ஜனங்கள் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். சுகுமாரன் லீலாவை வெளியே கொண்டுவர ஓடையைச் சுற்றி ஓடினார். நான் தோட்டாக்களைக் கையில் இறுக்கிக்கொண்டு கிழக்குக் கரைக்கு நடந்தேன். சத்தம் போட்டால் பன்றி கலைந்துவிடும். நடந்தாலும் சருகு நொறுங்கியது. தாழங்காட்டுக்குள் எங்கிருந்தோ பெரிய மூச்சு ஒன்று கேட்டது. அதன் நாற்றமும் வந்தது. சருகில்லாத இடமாகப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தேன்.

பொன்னையன் அண்ணன் ஓர் அயினி மரத்தடியில் ஒரு முட்டியை ஊன்றி உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் கண் சிவந்தது.

"எதுக்கு வந்தே? சாவதுக்கா?" என்றார், காற்றுக் குரலில்.

"அண்ணே, அக்கரையில நடுவீட்டில லீலா உண்டு. பச்சப் பிள்ளையும் உண்டு. ஹார்ட் நோஸ் பன்னியையும் துளைக்கும், அந்தச் சுவரையும் துளைக்கும்."

"எல்லாரும் போயாச்சுன்னு சொன்னானுவ."

"அவ போகல்லண்ணே. சார் இப்பம்தான் கூட்டிட்டு வரப் போறாரு."

அவர் அக்கரையைப் பார்த்தார். சாத்தியிருந்த ஜன்னலுக்கு வெளியே கொடியில் சின்னச் சின்ன வெள்ளைத் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. வந்து உட்கார்ந்ததிலிருந்து அவர் பார்த்துக்கொண்டிருந்த ஜன்னல்தான் அது.

"தோட்டா கொண்டுவந்தியா?"

துப்பாக்கியின் போல்ட்டை இழுத்தார். ஹார்ட் நோஸ் ஒன்று சருகில் விழுந்தது. இரண்டு. மூன்று. ஒவ்வொன்றுக்கும் இரும்பு உரசுகிற சத்தம். ஐந்தும் விழுந்த பிறகு கையை நீட்டினார். நான் ஒன்றைக் கொடுத்தேன். அதைத் தோட்டா அறைக்குள் தள்ளிப் போல்ட்டைப் பூட்டினார். அடுத்ததற்குக் கையை நீட்டிய நேரத்தில் தாழங்காடு பிளந்தது.

கொட்டு அடிக்கவே இல்லை. இரும்புச் சத்தம் கேட்டோ, என் வாசனை பட்டோ, அது தானாக வந்தது. கறுப்பாக, தாழ்வாக, நினைத்ததைவிட இருமடங்கு வேகத்தில். நான் மரத்தோடு ஒட்டிக்கொண்டேன். கண்ணை மூட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. பத்தடி தூரத்தில் அவர் சுட்டார். பன்றியின் முன்கால் இரண்டும் மடிந்தன. ஆனால் வந்த வேகம் நிற்கவில்லை. அப்படியே சறுக்கிக்கொண்டு வந்து அவர்மேல் மோதியது. தலையை ஒரு முறை உதறியது. அதோடு செத்துவிட்டது.

அவருடைய வலது தொடை முட்டியிலிருந்து மேலே வரை கிழிந்திருந்தது. அவர் தோளில் கிடந்த துவர்த்துத் துண்டை எடுத்து இடது கையால் காயத்துக்கு மேலே சுற்றினேன். முடிச்சுப் போட வலது கை வரவில்லை. ஓடி வந்த ஒருவர் போட்டார். ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ்தான் என் வலது கை விரல்களை ஒவ்வொன்றாக விரித்தாள். மீதி நான்கு தோட்டாக்களும் அதற்குள் இருந்தன.

சுகுமாரன் லீலாவின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தபோதுதான் வெடிச்சத்தம் கேட்டதாம். அவள் அப்போது பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் பன்றியை அறுத்துப் பார்த்ததில் குண்டு அதற்குள்ளேயே, நுனி காளான் போல மலர்ந்து நின்றிருந்தது.

6. அதன் பிறகு

முதலாளி பதிவேட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார். "முதல்ல குடுக்கும்போ உனக்குத் தெரியுமா, தெரியாதா?" தெரியும் என்றேன். பதிவேட்டை மூடிவிட்டு எழுந்து போனார்.

பல இரவுகள் நான் தூங்கவில்லை. ஊரில் என்னைப் புகழ்ந்தார்கள், இரண்டு உயிரைக் காப்பாற்றினாள் என்று. சபையில் ஜெபத்தில் என் பெயரைச் சொன்னார்கள். எனக்குக் கேட்டதெல்லாம் அந்தப் போல்ட் சத்தம்தான். நான் போகாமல் இருந்திருந்தால் அவரிடம் ஐந்து தோட்டா நிரம்பிய துப்பாக்கி இருந்திருக்கும். நான் போனதால் ஒன்றுதான் இருந்தது. ஒவ்வொரு முறை கடை வாசலில் நிழல் விழும்போதும் அவர்தானோ என்று நிமிர்ந்து பார்ப்பேன். என்ன கேட்பார், என்ன சொல்வேன்?

ஆறு மாதம் கழித்து வந்தார். ஆட்டோவிலிருந்து கம்பை ஊன்றி இறங்கி, வலது காலை இழுத்துக்கொண்டு படியேறினார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

"காலு இனி மடங்காதுன்னு டாக்டரு சொல்லியாச்சு," என்றார். அந்தப் பெரிய குரல் எங்கேயோ போயிருந்தது.

"அண்ணே, நான்..."

"நீ வந்தது நல்லதுக்குத்தான். அந்தப் பிள்ளைய நேத்து கண்டேன், தவழுது. அதில எனக்கு ஒரு வருத்தமும் கெடையாது." கம்பை மறுகைக்கு மாற்றிக்கொண்டார். "ஆனா மக்கா, அக்கரையில ஆளு உண்டுன்னு அங்க வந்து சொன்னியே, அத இங்க வச்சே ஏன் கேக்கல்ல?"

உண்மையைச் சொன்னேன். "பயமா இருந்துதண்ணே. நீங்க சத்தம் போடுவீயளோன்னு."

அவர் தலையை ஆட்டினார். "போட்டிருப்பேன்," என்றார். "கேட்டிருக்கணும் நீ."

துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டதாகச் சொல்லி, லைசென்ஸ் ரத்தான காகிதத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். வாசல் படியில் கம்பு வழுக்கியது. பிடிக்க ஓடினேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

அந்தக் கடையில் அதற்குப் பிறகும் பதினெட்டு வருடம் வேலை பார்த்தேன். இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். எந்த விலங்குக்கு எந்தத் தோட்டா என்பதை ஒரு வாரத்தில் படித்துவிடலாம். எங்கே நின்று சுடப்போகிறார், விலங்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது, யார் இருக்கிறார்கள் என்பதை நீங்கள்தான் கேட்க வேண்டும். அதையும் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் கேட்க வேண்டும். ஆள் கோபிப்பார். நீ யார் கேட்க என்பார். சிலர் எழுந்து வேறு கடைக்குப் போனார்கள். எனக்கு ஒவ்வொரு முறையும் பயமாகத்தான் இருந்தது. இருந்தாலும் கேட்டேன்.